காப்பிரிக் குட்டி

ஒரு சொல்லால் நான் இரண்டு பேருக்குப் பிழை செய்தேன். ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த வயதான அம்மா. மற்றது என் மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. மகளிடம் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாமல் இருந்தேன். அந்தச் சொல் எனக்கு எங்கே இருந்து வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது ஒருவருக்கும் விளங்காது.

லண்டனில் எல்லாருக்கும் நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். என் கணவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பிறந்தது யாழ்ப்பாணம்தான். ஆனால் இரண்டு வயதில் இருந்து பத்து வயது வரை நான் வளர்ந்தது புத்தளத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு அங்கே உப்பளத்தில் வேலை. உப்பளத்தில் இருந்து அரை மைல் நடந்தால் தென்னைகளுக்கு நடுவே ஏழு வீடுகள் ஒரே வரிசையில் இருக்கும். கடைசி வீடு எங்களுடையது. மற்ற ஆறு வீடுகளிலும் காப்பிரி ஆட்கள்.

புத்தளம் பக்கம் அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. பழைய காலத்தில் வெள்ளைக்காரர் ஆபிரிக்காவில் இருந்து கப்பலில் கொண்டுவந்த சிப்பாய்களின் வழி வந்தவர்கள். நல்ல கறுப்பு, சுருட்டை முடி. சிங்களமும் கதைப்பார்கள், தமிழும் கதைப்பார்கள். வயதானவர்கள் பாடும்போது மட்டும் இன்னொரு மொழி வரும். அதன் அர்த்தம் பாடுகிறவர்களுக்கே பாதிதான் தெரியும். முதல் வீட்டில் இருந்தவரை நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். அவர் சொல்லுவார், "கொண்டு வந்தவன் கப்பலேறிப் போயிட்டான். நாங்க நிண்டிட்டம். இனி எங்க போக?"

எனக்கு மூன்று வயதில் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், அதுதான் சயரோகம், வந்தது. தூரத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் அந்த வருத்தம் என்றால் சனம் வீட்டுப் படி மிதிக்காது. அம்மாவின் ஆட்கள் கடிதம்தான் போட்டார்கள், வரவில்லை. உப்பளத்தில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் அவரைத் தூர நின்று துக்கம் விசாரித்தார்கள். பெரியம்மா நேரே எங்கள் வீட்டுக்குள் வந்து, பாயையும் என் சட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய பானையில் போட்டு அவித்தாராம். பிறகு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாராம். அப்பா, "அக்கா, பிள்ளைக்கும் இருக்குமோ தெரியாது" என்று தயங்கியிருக்கிறார்.

"பிள்ளை இருமுதா?"

"இல்லை."

"பிறகென்ன. நீ வேலைக்குப் போ."

இதை அப்பா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவின் குரலை மாதிரிச் சொல்லிப் பார்ப்பார். வராது. பெரியம்மாவுக்கு ஆண் குரல் மாதிரி ஒரு கனத்த குரல்.

அதற்குப் பிறகு நான் ஏழு வீட்டுக்கும் பிள்ளை. எந்த வீட்டில் பசித்ததோ அந்த வீட்டில் சாப்பிட்டேன். எங்கே தூக்கம் வந்ததோ அங்கே படுத்தேன். பின்னேரம் அப்பா உப்பளத்தால் வரும்போது முதல் வீட்டு வேலியில் நின்று, "எத்தனையாம் வீடு?" என்று கேட்பார். பெரியம்மாவுக்குத் தெரியாவிட்டால் அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அந்த வீடு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். "நாலாம் வீடு, படுத்திட்டாள்" என்று பதில் அதே வழியால் திரும்பி வரும். நான் அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். என்னைத் தேடுகிறார்கள், நான் எங்கே இருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் போல ஒரு நிம்மதி எனக்குப் பிறகு வரவில்லை.

அங்கே இளம் ஆட்கள் வேலை தேடி வெளியே போய்விட்டார்கள். இருந்தவர்கள் எல்லாரும் வயது போனவர்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் சின்னவள், அதனால் செல்லம். பெரியம்மாவின் புருசன், என் பெரியப்பா, நகரத்து ஆசுப்பத்திரியில் கூலி வேலை செய்தார். வெள்ளை அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போய் வருவார். பெரிதாகக் கதைக்க மாட்டார். பின்னேரம் வந்ததும் சட்டைப் பையில் இருந்து எதையாவது எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். ஒரு நாள் இனிப்பு, ஒரு நாள் ஊசி போட்டு முடித்த மருந்துப் போத்தல், சின்னது, ரப்பர் மூடியோடு. ஒரு நாள் ஒன்றும் இருக்காது, வெறும் கையை என் கையில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அதுவும் காணும்.

என் தலைமுடி அவர்களுக்குப் பெரிய பகிடி. பெரியம்மா என்னைக் கால்களுக்கு நடுவில் இருத்தி, எண்ணெய் வைத்து, தலையோடு ஒட்டிப் பின்னுவார். தன் வீட்டு ஆட்களுக்குப் பின்னுகிற மாதிரியே பின்னுவார். அவர்களின் முடியில் அது கிழமைக் கணக்கில் நிற்கும். என் முடியில் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும்.

"இது என்ன முடியா, விலாங்கு மீனா? பிடிச்ச கையில நிக்குதில்லையே."

"எண்ணெயைக் குறையன் அக்கா" என்று மூன்றாம் வீட்டுக்காரி சொல்லுவார்.

"எண்ணெயில பிழையில்லை. ஆள்தான் பிழை. தெரியாமக் கடைசி வீட்டில பிறந்திட்டாள்."

எனக்குக் கொப்புளிப்பான் வந்தபோது ஆறு நாள் வேப்பிலைக்கு நடுவில் கிடந்தேன். சொறியக் கூடாது என்று முறை வைத்து ஆள் மாறி ஆள் பக்கத்தில் இருந்தார்கள். ஐந்தாம் வீட்டுக் கிழவருக்கு முன்பற்கள் இல்லை. விசேஷங்களில் போத்தலைக் கரண்டியால் தட்டித் தாளம் போடுகிறவர் அவர். தன் முறை வந்ததும் போத்தலோடு வந்து இருந்தார். "மகள், இங்க ஒரு சட்டம் இருக்கு. கரண்டி நிக்கேக்கதான் சொறியலாம்" என்றார். தட்டத் தொடங்கினார். நான் கரண்டி எப்போது நிற்கும் என்று அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் நிற்பாட்டவே இல்லை. வலது கை நொந்தால் இடது கைக்கு மாற்றுவார். மாற்றுகிற அந்த நொடியில் நான் கையைத் தூக்குவேன், அதற்குள் தட்டத் தொடங்கிவிடுவார். இன்றைக்கு என் முகத்தில் ஒரு தழும்பு இல்லை.

ஐந்து வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனது பெரியம்மாதான். அப்பாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. வாத்தியார் பெரியம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"பிள்ளை ஆரின்ர?"

"எங்கடதான்."

"என்ன இனம் எண்டு எழுத?"

"காப்பிரி எண்டு எழுதுங்க ஐயா."

வாத்தியார் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது தமிழ்ப் பிள்ளையெல்லே."

"பிறக்கேக்க தமிழ்தான். இப்ப எங்கட சோறு, எங்கட எண்ணெய், எங்கட பாய். வெயிலில நிண்டு நிறமும் வாங்கிக்கொண்டு வாறாள். இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க, முடியும் சுருளும்."

வாத்தியார் சிரித்துவிட்டு, தமிழ் என்றுதான் எழுதினார். வரும் வழியில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் எழுதினா எழுதட்டும். நீ என்ர காப்பிரிக் குட்டி" என்றார். அன்றில் இருந்து அதுதான் என் பெயர். வீட்டுக்கு வீடு குரல் கொடுக்கும்போதும் "காப்பிரிக் குட்டி எங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் ஒரு நாளும் குரல் தாழ்த்திச் சொல்லி நான் கேட்டதில்லை. என் காதுக்கு அது அன்பான சொல். வேறு அர்த்தம் இருக்கும் என்று தெரியாது.

பத்து வயதில் தாய்மாமன் வந்தார். பெண்பிள்ளை, இனி இங்கே விடக்கூடாது என்றார். அப்பா என் சட்டைகளை மடித்து வைத்தார். நான் போகும்போது வரிசையில் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். பெரியம்மா மட்டும் வெளியே வரவில்லை. பிறகு பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியபோது ஓடிவந்து ஒரு பொதியைத் தந்தார். கருவாடு, வாழைச்சருகில் சுற்றி, பேப்பரில் கட்டியது. அவருக்கு மூச்சு வாங்கியது. என் தலையைப் பிடித்து, பின்னல் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் மாமா, "என்ன மணம் இது?" என்று கேட்டு, பொதியை வாங்கி யன்னலால் எறிந்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. பிறகு எத்தனையோ இடத்தில் நான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அதுதான் முதல் தடவை.

யாழ்ப்பாணத்தில் மாமி என் தலைப்பின்னலை அவிழ்த்து, சீயக்காய் போட்டு மூன்று தரம் முழுக வைத்தார். வந்த ஆட்களிடம், "காப்பிலியளின்ர வீட்டில திண்டு வளர்ந்தது. பழக்கவழக்கம் இனித்தான் பழக்க வேணும்" என்றார். காப்பிலி. அவர் சொல்லத் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"மாமி, காப்பிலி இல்லை, காப்பிரி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மனிசி கண்ணீர் வரச் சிரித்தார். "பாரன், குலப்பெருமையை." அந்தச் சிரிப்பில் எனக்கு விளங்கியது, இந்த ஊரில் இது வேறு சொல், கறுப்பு ஆட்களைக் கீழாகச் சொல்கிற சொல். அதற்குப் பிறகு நான் அந்த வீடுகளைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் நிற்பாட்டினார்கள், வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்பா புத்தளத்திலேயே காலமானார். செத்தவீட்டுக்கு மாமா மட்டும் போய் வந்தார். "அந்தக் கறுத்த மனிசி உன்னைக் கேட்டுது" என்றார். நான் என்ன கேட்டார் என்று கேட்கவில்லை. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எனக்கு எழுதத் தெரியும்.

முப்பது வயது கடந்துதான் எனக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை லண்டனில். மாமி முதல் நாளே சொன்னார், "புத்தளக் கதை ஒண்டும் அங்க எடுக்கக் கூடாது. நீ இங்கயே வளர்ந்தனி. விளங்குதோ?" விளங்கியது. என் கணவர் நல்ல மனிதர். அவருக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்தால், ஒன்றும் ஆகியிருக்காது போலவும் இருக்கிறது. ஆனால் நான் சொல்லவில்லை.

இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு வீட்டு முன்வாசலுக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் தனியாக இருந்தவர், மேற்கிந்தியத் தீவில் இருந்து இளவயதில் வந்த ஒரு கறுப்பு அம்மா. ஆசுப்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். மகன் வேறு நகரத்தில். என் கணவர் அவரைக் "காப்பிலி மனிசி" என்பார். வெறுப்பாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், கடையிலும் பஸ்ஸிலும், அவர்களுக்கு விளங்காது என்ற துணிவில். ஒவ்வொரு தடவையும் என் காதில் அது மாமி சொன்ன மாதிரிக் கேட்கும். நான் பேசாமல் சோற்றைப் போடுவேன்.

மகளுக்கு ஐந்து வயதானபோது நான் சான்விச் பக்டரியில் வேலைக்குப் போனேன். ஷிப்ட் நாலு மணிக்கு முடியும், பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விடும். என்ன செய்வது என்று வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். எனக்கு அப்போது இருபது சொல் இங்கிலீசு தெரிந்திருக்கும். அவர் மகளைக் காட்டி, தன்னைக் காட்டி, பள்ளிக்கூடப் பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான். அடுத்த நாளில் இருந்து அவரே போய்க் கூட்டி வந்தார்.

நான் வேலையால் வரும்போது மகள் அவர் வீட்டுச் சமையலறையில் இருப்பாள். தேங்காய்ப்பாலில் அவரை விதையும் சோறும் சமைத்துக் கொடுத்திருப்பார். ஒரு நாள் போனபோது, கதிரையில் அவர் இருக்க, அவருடைய கால்களுக்கு நடுவில் என் மகள் நிலத்தில் இருந்தாள். தலையோடு ஒட்டிப் பின்னிக்கொண்டிருந்தார். பின்னல் அவர் கையில் இருந்து வழுக்கி அவிழ்ந்தது. அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனால் அழுதுவிடுவேன் போல இருந்தது. என் பிள்ளைக்கும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் என் வாயில் வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு. கணவர் பெற்றோல் நிலையத்து வேலைக்குப் போன பிறகு, மகளைக் குளிக்க வார்த்துத் துவட்டும்போது, "என்ர காப்பிரிக் குட்டி" என்று சொல்லுவேன். மெதுவாகத்தான் சொல்லுவேன். அவள் கிலுகிலு என்று சிரிப்பாள். "அப்படியெண்டா என்னம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். "எனக்கு நல்லா விருப்பமான ஆள் எண்டு அர்த்தம்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியே சொல்லாதே என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கணவர் ஒவ்வொரு நாளும் மற்றச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது முடிந்த பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல வெயில். தேவாலயத்தால் வந்த பெண்கள் ஐந்தாறு பேர், தொப்பியும் போட்டுக்கொண்டு, அவருடைய முன்வாசலில் கதிரைகள் போட்டு இருந்தார்கள். மகள் தானே கீறிய வாழ்த்து மட்டையோடு போனாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவர் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், இங்கிலீசில் தொடங்கித் தமிழில் முடித்தாள்: "யூ ஆர் மை காப்பிரி."

தொப்பிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. பிறகு ஓரத்தில் இருந்த ஒரு பெண் மெதுவாக ஏதோ சொன்னார். அதில் எனக்குக் கடை என்ற சொல் விளங்கியது. தமிழ்க் கடைகளில் தங்களைப் பார்த்துச் சொல்கிற சொல் இதுதான் என்று சொல்கிறார் என்று விளங்கியது. ரியும் லியும் அவர்களுக்கு ஒன்றுதானே. பக்கத்து வீட்டு அம்மாவின் கை மகளின் முதுகில் தடவிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றது. யார் இதைச் சொல்லித் தந்தது என்று மகளிடம் கேட்டார். மகள் பெருமையோடு என்னைக் காட்டி, "அம்மா" என்றாள்.

அவர் சுவருக்கு மேலால் என்னைப் பார்த்தார். நீயா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரிக் கேட்டார்.

நான் சிரித்தேன்.

எனக்குப் பயம் வந்தால், வெட்கம் வந்தால், ஆட்களின் முகத்துக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாவிட்டால், ஒரு சிரிப்பு வரும். சின்னனில் இருந்தே அப்படித்தான். அதை நிற்பாட்ட எனக்கு ஏலாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது சிரிப்பு இல்லை என்று தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் மகளை மடியில் இருந்து மெல்ல இறக்கி விட்டார்.

கணவர் வேலையால் வந்ததும் மகளே அழுதுகொண்டு சொன்னாள். அவர் முகம் கறுத்துப்போனது.

"உனக்கு ஆர் இந்தச் சொல் சொல்லித் தந்தது?"

"அம்மா."

என்னைப் பார்த்தார். "நீ சொன்னனியா?"

அந்த நேரத்தில் ஓம் என்று சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் புத்தளம் வரும். ஏழு வீடும் வரும், மாமியின் பொய்யும் வரும். "நான் ஏன் சொல்லப்போறன். கடையில ஆரும் கதைச்சதைக் கேட்டிருப்பாள்" என்றேன்.

"இல்லை, அம்மாதான் சொன்னவா. குளிக்க வார்க்கேக்க சொல்லுறவா."

"பொய் சொல்லாதை" என்று அவர் அவள் காதைப் பிடித்துத் திருகினார். "சொன்னது ஒரு பிழை. அம்மாவில போடுறது ரெண்டாவது பிழை." அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

அவர் பக்கத்து வீட்டுக்குப் போய், பிள்ளை கடையில் கேட்டதைத் தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த அம்மா பரவாயில்லை என்றாராம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு அவர் போகவில்லை. உடம்பு சுகமில்லை என்று ஒரு துண்டு எழுதிப் போட்டிருந்தார். அதற்குப் பிறகும் போகவில்லை. நான் வேலையை விட்டேன். வாசலில் கண்டால் தலையை அசைப்பார். மகளுக்கு மட்டும் கை காட்டுவார். மகள் கொஞ்ச நாள் அந்தச் சுவரில் இருந்து, மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

மூன்று வருடம் அப்படியே போனது. எத்தனையோ தடவை சொல்லலாம் என்று நினைத்தேன். என்னை வளர்த்தவர்கள் உங்களைப் போன்ற ஆட்கள், அவர்கள் தங்களுக்கு வைத்த பெயர் அது. இதைச் சொல்ல எனக்கு இங்கிலீசு இல்லை. சொல்லித் தரக் கேட்பதென்றால் கணவரைத்தான் கேட்க வேண்டும். பிறகு அந்த அம்மா தன் மகனோடு போய் இருக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். சாமான் ஏற்றுகிற நாள் எங்கள் வாசல் மணி அடித்தது. கண்ணாடியால் அவருடைய தொப்பி தெரிந்தது. நான் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு சொற்களை ஒழுங்கு பண்ணினேன். மை, மதர், லைக், யூ. எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று தெரியவில்லை. திறந்தபோது அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். படியில் மகளுக்கு என்று ஒரு கேக் பெட்டி இருந்தது.

கணவர் காலமாகி ஆறு வருடம். நான் இப்போது மிட்சம் என்கிற இடத்தில், நகரசபை தந்த ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். மகள் ஞாயிறுகளில் வருவாள். போன மாரிக் குளிரில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் வந்தாள், கறுப்புக் கோட்டோடு. உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.

"பக்கத்து வீட்டு ஆன்ரி செத்துப்போனா அம்மா. தொண்ணூற்றிமூண்டு வயசு. என்னோட படிச்ச பிள்ளையின்ர அம்மாதான் சொன்னவா. பியூனரலுக்குப் போட்டு வாறன்."

"எனக்குச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பன்."

"வந்திருப்பீங்களா?"

நான் தேத்தண்ணி வைக்க எழும்பினேன். "இருங்கோ அம்மா" என்றாள். இருந்தேன்.

"அவவின்ர மகனிட்டப் போய்ச் சொன்னன், நான்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவவின்ர பேர்த்டேயில ஒரு கூடாத சொல் சொல்லிப்போட்டன், இவ்வளவு காலமும் அது மனசில கிடக்கு, சொறி எண்டு. அந்த மனுசன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னவர் தெரியுமா? அம்மா அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறா, நீ சின்னப் பிள்ளை, உன்னில அவவுக்கு ஒரு கோபமும் இல்லை. உன்ர அம்மா நிண்டு சிரிச்சதுதான் அவவால மறக்க ஏலாமல் இருந்தது எண்டு சொன்னவர்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் சிரிச்சனீங்களா அம்மா?"

அந்தச் சிரிப்பு அப்போதும் வரப் பார்த்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. குளிக்க வார்க்கும்போது சொன்னதில் தொடங்கி, பின்னுக்குப் போய், மாமியைச் சொல்லி, ஏழு வீட்டைச் சொல்லி, கடைசியில் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய இடத்துக்கு வந்தேன். அவள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. 

"அப்ப நான் அண்டைக்குப் பொய் சொல்லேல்லை" என்றாள்.

"இல்லை பிள்ளை."

"நான் சொன்னது பொய் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். கடையில கேட்டனான் எண்டு எனக்கே ஞாபகம் இருக்கு அம்மா. எந்தக் கடை எண்டு கூட ஞாபகம் இருக்கு. அங்க நிண்ட ஆளின்ர முகம் கூட."

 இல்லாத ஒரு கடையை, இல்லாத ஒரு முகத்தை அவள் உண்டாக்கி, என்னை அதற்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள், ஆறு வயதில், தனக்கே தெரியாமல்.

"அந்த அம்மாவின்ர மகனுக்கு எழுதுவமா?" என்று கேட்டேன். "நான் தமிழில எழுதித் தாறன், நீ மாத்திவிடு."

"என்னத்துக்கு? உங்களுக்கு மனம் ஆறவா?" அவள் சத்தமாகச் சொல்லவில்லை. "அவர் இண்டைக்குத்தான் தாயைத் தாட்டவர் அம்மா. இனி அவருக்கு ஏன் எங்கட கதை?"

அவள் கேட்டது சரி. அந்த அம்மா உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம். இனி எழுதினால் அது எனக்காக எழுதுகிறது.

தேத்தண்ணி குடிக்காமலே எழும்பினாள். பெரியம்மாவைப் பற்றி, அந்த வீடுகளைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று கதவு வரைக்கும் பின்னால் போனேன். ஒரு கேள்வி கேட்டாலும் போதும் என்று இருந்தது. அவள் கேட்கவில்லை. சப்பாத்துப் போடும்போது மட்டும், என்னைப் பார்க்காமல், "அப்பாவுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அம்மா. அவர் என்ர காதைத் திருகினது ஒண்டும் பெரிசில்லை. நீங்கள் அங்கால திரும்பினதுதான்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை, வேலை இருக்கிறதாம். அதற்கு அடுத்த ஞாயிறு வந்தாள். மரக்கறிகளை எடுத்து வைத்தாள், என் மருந்துகளைப் பார்த்தாள், வெளியே குளிர் என்றாள். அதைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. நான் கதைக்கத் தொடங்க வேண்டும். இந்த முறை அவள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு முன்னால் இருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று பார்த்துக்கொண்டு.